ஒரு தெரு, 24 வீடு, மூன்று வாரம்: டிவி பார்ப்பவர்களைப் புரிந்துகொள்வது எப்படி

வியாழக்கிழமைதோறும் டிஆர்பி வந்துவிடும். எந்த சீரியல் முதலிடம், எது சறுக்கியது என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அந்த எண் சொல்லும். ஏன் பார்த்தார்கள் என்பது அதில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள வீடுகளுக்குள் போய் உட்கார வேண்டும். விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள், உள்ளூர் கேபிள் சேனல் நடத்துபவர்கள், சீரியலுக்குக் கதை எழுத வருபவர்கள் என யாராக இருந்தாலும், இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், பேனா, பஸ் காசுதான். இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ராத்திரி ஏழு மணிக்குமேல் இரண்டு ஆண்களை யாரும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசமாட்டார்கள்.

முதலில் டிஆர்பி கணக்கு

வீடு தேடிப் போவதற்குமுன் அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2015 முதல் இதை அளப்பது பார்க் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வு அமைப்பு. சேனல்கள், விளம்பரம் தருபவர்கள், விளம்பர ஏஜென்சிகள் என்ற மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது. சேனலின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளக் குறி சேர்க்கப்பட்டிருக்கும். தேர்ந்தெடுத்த சில வீடுகளில் டிவியோடு வைத்த மீட்டர் அந்தக் குறியைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதியும். யார் பார்க்கிறார்கள் என்பது மீட்டருக்குத் தானாகத் தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி ரிமோட் பட்டன் உண்டு. பார்க்க உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போதும் அழுத்த வேண்டும். பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடுபவர் பட்டனை அழுத்திவிட்டா ஓடுவார்? இந்த முறையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

கணக்கைச் சின்னதாகப் போட்டுப் பார்க்கலாம். பத்தே பேர் இருக்கும் ஓர் ஊர், 30 நிமிட நிகழ்ச்சி. மூன்று பேர் முழுதாகப் பார்த்தார்கள்: 90 நிமிடம். இரண்டு பேர் பாதி பார்த்தார்கள்: 30 நிமிடம். மொத்தம் 120. அதை 30-ஆல் வகுத்தால் 4. சராசரியாக எந்த நிமிடத்தை எடுத்தாலும் நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள், அதாவது ரேட்டிங் 40 சதவீதம். கொஞ்சமாவது பார்த்தவர்கள் ஐந்து பேர், எனவே ரீச் 50 சதவீதம். பார்த்த ஒருவர் செலவழித்த நேரம் 120-ஐ ஐந்தால் வகுத்தால் 24 நிமிடம்.

அடுத்த நாள் எட்டுப் பேர் ஆளுக்கு 15 நிமிடம் பார்க்கிறார்கள். மொத்தம் அதே 120, ரேட்டிங்கும் அதே 40. ஆனால் ரீச் 80-க்கு ஏறிவிட்டது, ஆளுக்கு 15 நிமிடம்தான். முதல் நாள் இருந்தது கதையோடு கட்டுண்ட கூட்டம். இரண்டாம் நாள் வந்தது எட்டிப் பார்த்துவிட்டுப் போன கூட்டம். ரேட்டிங் ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே எந்த டிஆர்பி பட்டியல் கைக்கு வந்தாலும் ரீச்சையும் பார்த்த நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ரீச் மட்டும் திடீரென்று எகிறி, பார்த்த நேரம் சரிந்திருந்தால், செட்டாப் பாக்ஸைப் போட்டவுடன் முதலில் வந்து நிற்கும் சேனலாக அதை வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பாக்ஸ் உயிர்பெற்று வேறு சேனல் மாற்றும்வரை ஓடுவதும் பார்வைக் கணக்கில் சேர வாய்ப்புண்டு.

சின்ன ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வது அடுத்த பிழை. இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் பார்க்கின் 2020 மதிப்பீட்டின்படி 21 கோடி. மீட்டர் உள்ளவை 50,000-க்குச் சற்று மேல். ஒரு மீட்டர் ஏறக்குறைய 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. மாதிரி சிறியதாக இருந்தால் பிழைக்கான இடைவெளி பெரிதாகும். 400 பேர் கொண்ட மாதிரியில் ஒரு நிகழ்ச்சிக்கு 2 சதவீதம் வந்தால், உண்மை 0.6-இலிருந்து 3.4 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த வாரம் 2.4 வந்தது என்பது வளர்ச்சி ஆகாது. சிறிய சேனல்களும் செய்திச் சேனல்களும் இதில் அதிகம் அடிபடும். 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் டிஆர்பி மோசடி வழக்கைக் கையில் எடுத்த பிறகு செய்திச் சேனல் ரேட்டிங் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் திரும்ப வந்தபோது தனி வாரக் கணக்காக இல்லாமல் நான்கு வாரச் சராசரியாக வந்ததற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம்.

வீடுகளைப் பொறுக்கும் விதம்

தெரிந்தவர் வீடுகளாகப் பார்த்துப் போனால் வேலை சுலபம், பலன் பூஜ்யம். ஒரு தெருவை எடுத்து எல்லா வீடுகளையும் எழுதுங்கள். வாசல் கதவை எண்ணாதீர்கள், மின்வாரிய மீட்டரை எண்ணுங்கள். மாடிப் போர்ஷன், பின்கட்டு, கார் ஷெட்டைத் தடுத்துக் கட்டிய ஒற்றை அறை ஆகியவை அப்போதுதான் பட்டியலில் வரும். 120 குடும்பம் தேறினால், 24 வேண்டும் என்பதற்கு ஐந்தில் ஒன்று. ஒன்றிலிருந்து ஐந்துவரை சீட்டு எழுதிக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் ஐந்தாவது குடும்பமாக எடுத்துக்கொண்டே போங்கள்.

பூட்டியிருந்தால் உடனே பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். காலை, மாலை, ஞாயிறு என்று மூன்று தடவை போங்கள். எப்போதும் பூட்டியிருக்கும் வீடு என்பது பெரும்பாலும் கணவன் மனைவி இருவரும் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடு. அவர்களை விட்டுவிட்டால் மிச்சமிருப்பது பகலெல்லாம் டிவி ஓடும் வீடுகள்தான்; தெருவே சீரியலுக்கு அடிமை என்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.

வசதி நிலையைக் குறிக்க விளம்பர உலகில் புழங்கும் அளவுகோல் என்சிசிஎஸ். குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, 11 பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்ற இரண்டையும் வைத்து ஏ1 முதல் இ3 வரை 12 படி. மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப், கார், ஏசி, விவசாய நிலம் ஆகியவை அந்தப் பதினொன்று. தமிழ்நாட்டில் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். 2006-இல் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டம் ஒன்றரைக் கோடி வீடுகளுக்குமேல் போய்ச் சேர்ந்தது. 2011-க்குப் பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் கையில் லேப்டாப் வந்தது. கூலி வேலைக்குப் போகும் குடும்பமும் இந்த இரண்டு பொருளால் ஓரிரு படி மேலே ஏறி நிற்கும். டிவியும் லேப்டாப்பும் வாங்கியதா, வந்ததா என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே வீட்டில் எத்தனை அறை, டிவி எந்த அறையில் என்றும் கேளுங்கள். பார்க்கும் பழக்கத்தைப் பற்றி இந்த இரண்டும் படிநிலையைவிட அதிகம் சொல்லும்.

ஏழு நாள் டைரி

முதல் வாரம் அறிமுகத்துக்கு, இரண்டாம் வாரம் டைரிக்கு, அதாவது பார்த்ததை வீட்டுக்காரர்களே எழுதிவைக்கும் தாளுக்கு. ஒரு நாளைக்கு ஒரு தாள். இடது ஓரத்தில் காலை 5 மணியிலிருந்து இரவு 12 வரை கால் மணி நேரக் கட்டங்கள். அப்படியே 76 கட்டம் வரும். ஏ4 தாளில் இரு பக்கமும் அச்சிட்டால் அடங்கும். பக்கத்தில் ஐந்து பத்திகள் போதும்: என்ன ஓடியது, யார் போட்டது, அறையில் யார் யார், கூடவே என்ன வேலை நடந்தது, கையில் போன் இருந்ததா. இதற்குமேல் ஒரு பத்தி சேர்த்தாலும் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவார்கள்.

பொங்கல், தீபாவளி, முழுஆண்டுத் தேர்வு, ஐபிஎல் இறுதி ஆட்டம், தேர்தல் முடிவு வரும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். சனி, ஞாயிறு கட்டாயம் உள்ளே வரட்டும்.

டைரியில் பெரிய ஆபத்து, ஏழாம் நாள் ராத்திரி உட்கார்ந்து ஏழு நாளையும் மொத்தமாக எழுதுவது. கண்டுபிடிக்க வழி உண்டு. எல்லாத் தாளிலும் ஒரே மை, ஒரே அழுத்தம். நிகழ்ச்சிகள் எல்லாம் சரியாக அரை மணி அரை மணியாக உட்கார்ந்திருக்கும். நடுவில் டிவி அணைத்த இடமே இருக்காது. அது பார்த்ததன் பதிவு இல்லை, சேனலின் நிகழ்ச்சி நிரலை மனப்பாடமாக ஒப்பித்தது. இன்னொரு சோதனை: மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வரும் நாள் உங்கள் வாரத்துக்குள் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மதியம் 2 மணிக்கு சீரியல் பார்த்ததாக எழுதியிருந்தால், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த டைரியை எடுத்துத் தனியாக வையுங்கள்.

பாட்டிக்காகப் பேரப்பிள்ளை நிரப்பும் வீடுகளில் பாட்டி பார்த்தது பாதி காணாமல் போகும், ஏனென்றால் பிள்ளை அப்போது பள்ளியில் இருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை நேரில் போய், "விடிஞ்சதுலேருந்து சொல்லுங்க பாட்டி" என்று கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கூடத்தில் உட்கார்தல்

24 வீட்டில் நான்கை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மாலை, 7 மணியிலிருந்து 9 வரை. முதல் மாலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆய்வு செய்ய வந்திருக்கிறார்கள் என்றதும் செய்திச் சேனலைப் போட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, காபி கொடுப்பார்கள். இரண்டாம் மாலைதான் வழக்கமான சேனல் வரும்.

உட்காரும்போது திரையைப் பார்க்காமல் அறையைப் பாருங்கள். நாற்காலியில் யார், தரையில் யார், சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பது யார், ரிமோட் எங்கே கிடக்கிறது. ரிமோட் விஷயத்தில் பிரிட்டிஷ் ஊடக ஆய்வாளர் டேவிட் மார்லி 1980-களில் தென் லண்டனில் 18 குடும்பங்களிடம் கண்டது இன்றும் பயன்படும்: எதைப் பார்ப்பது என்ற முடிவு பெரும்பாலும் ஆண் கையில் இருந்தது, ஆண்கள் பேச்சில்லாமல் உட்கார்ந்து பார்த்தார்கள், பெண்கள் கூடவே இன்னொரு வேலையும் செய்தார்கள். உங்கள் தெருவிலும் அதுவேதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டவேண்டாம். அப்பா வீடு திரும்பும் நேரத்துக்குமுன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு என்று தனித்தனியாக எழுதுங்கள். எட்டரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் சேனல் மாறும் வீடுகள் உண்டு.

சமையலறையையும் விட்டுவிடாதீர்கள். பூண்டு உரித்துக்கொண்டோ சப்பாத்தி தேய்த்துக்கொண்டோ இருப்பவர் சீரியலைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் பார்க்கிறார். கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடும் வசனம், ஆளுக்கு ஆள் மாறும் பின்னணி இசை, அதிர்ச்சி வந்தால் மூன்று முறை அடிக்கும் அந்தச் சத்தம், எல்லாமே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவருக்கும் கதை விளங்க உதவுகின்றன. குக்கர் விசிலில் ஒரு வசனம் போய்விட்டாலும் அடுத்த காட்சியில் இன்னொருவர் அதையே திரும்பச் சொல்வார். மீட்டர் கணக்கில் இவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் கதை எழுதுபவருக்கு இவர்தான் முக்கியமான ரசிகர். இழுக்கிறார்கள், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று குறை சொல்வதற்குமுன் அடுப்பங்கரையில் கால் மணி நேரம் நின்று கேட்டுப் பாருங்கள்.

விளம்பரம் வரும்போது என்ன நடக்கிறது என்பதையும் நிமிடக் கணக்கில் குறியுங்கள். விதிப்படி ஒரு மணி நேரத்தில் வணிக விளம்பரம் 10 நிமிடம், சேனலின் சொந்த விளம்பரம் 2 நிமிடம் வரை போகலாம். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் மோட்டார் போடுவது, மாத்திரை எடுப்பது, அடுத்து என்ன நடக்கும் என்று பேசிக்கொள்வது எல்லாம் நடக்கும்.

"ஏன் பார்க்கறீங்க?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் பதில் ஒன்றுதான் வரும்: "சும்மா, பொழுதுபோகத்தான்." மரியாதைக்காகச் சொல்வது அது. காரணத்தைக் கேட்காமல் நிகழ்ந்ததைக் கேட்டால் காரணம் தானாக வெளியே வரும். மூன்றாம் வாரம் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அவரவர் டைரியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாம்:

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு டிவி ஓடியிருக்கு, அப்ப வீட்டுல என்னக்கா நடந்துட்டிருந்துச்சு?"

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா கதையை யார்கிட்ட கேட்டுக்குவீங்க?"

"அந்த மருமக இடத்துல நம்ம வீட்டுப் பொண்ணு இருந்தா என்ன சொல்லுவீங்க?"

"செட்டாப் பாக்ஸ் ரிப்பேராகி ஒரு வாரம் டிவி இல்லாம இருந்திருக்கீங்களா? அந்த வாரம் எப்படிப் போச்சு?"

கடைசிக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1945-இல் நியூயார்க்கில் பேப்பர் விநியோகிப்பவர்கள் இரண்டு வாரத்துக்குமேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேப்பர் இல்லாமல் தவித்தவர்களிடம் பெர்னார்ட் பெரெல்சன் என்ற ஆய்வாளர் பேசினார். செய்தி தெரியாமல் கஷ்டமாக இருக்கிறது என்றார்கள். எந்தச் செய்தி என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் தேடியது காலையில் பேப்பரோடு உட்காரும் அந்த வேளையைத்தான். இங்கும் 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்று, சேனல்கள் பழைய தொடர்களை மறுபடி ஓட்டியபோது இதுபோல ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அந்த மாதங்களைப் பற்றிக் கேளுங்கள், நன்றாகவே நினைவு வைத்திருப்பார்கள்.

மாமியாரையும் மருமகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். பெரியவர் சொன்னதே வீட்டின் பதிலாகிவிடும். கணவர் எதிரிலும் இதே கதைதான்.

காரணங்களைத் தரம்பிரித்தல்

பேட்டிகளை எழுதி முடித்ததும் ஒவ்வொரு காரணத்தையும் சின்னச் சீட்டில், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தரையில் பரப்பிக் குவியல் குவியலாகச் சேருங்கள். ஹெர்டா ஹெர்சாக் என்ற ஊடக ஆய்வாளர் 1940-களில் அமெரிக்காவில் பகல்நேர ரேடியோ தொடர் கேட்கும் பெண்களிடம் பேசி மூன்று காரணங்களைக் கண்டார்: மனம் விட்டு அழ, வாய்க்காத வாழ்க்கையைக் கற்பனையில் வாழ, சொந்தச் சிக்கலுக்கு யோசனை பெற. 1970-களில் கட்ஸ், ப்ளம்லர், குரெவிட்ச் என்ற ஆய்வாளர்கள் மூவரும், ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்று கேட்பதைவிட மக்கள் ஊடகத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் பார்வையை முறையாக வகுத்தார்கள். பாடப் புத்தகத்தில் பயன்பாடு, மனநிறைவு என்று வரும் கோட்பாடு அதுதான். அவர்கள் தலைப்புகளை முதலிலேயே எடுத்து ஒட்டாதீர்கள். குவியல் சேர்ந்த பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நம் தெருக்களில் வரக்கூடிய, கோட்பாட்டுத் தலைப்புக்குள் எளிதில் அடங்காத சில: கடிகாரம், "அந்த நாடகம் ஆரம்பிச்சா உலை வெச்சிடுவேன்" என்பது. துணை, தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் யாரும் பார்க்காமலே ஓடும் டிவி; அங்கே பேச்சுக் குரல்தான் தேவை, நிகழ்ச்சி எதுவானாலும் சரி. பேச்சுப் பொருள், மறுநாள் குழாயடியில், கம்பெனி பஸ்ஸில், பேசுவதற்கு. திட்டுவதற்காகப் பார்ப்பதும் உண்டு. வில்லியை வாய்விட்டுத் திட்டலாம், நாத்தனாரைத் திட்ட முடியாது.

இவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: உட்கார அனுமதி. விடியற்காலையில் எழுந்து ஓடத் தொடங்கும் பெண், சும்மா உட்கார்ந்திருந்தால் ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். "நாடகம் பாக்கறேன்" என்றால் அரை மணி நேரம் விடுவார்கள். கதை பிடிக்காமலே தொடர்ந்து பார்ப்பவர்கள், "என்னத்த எடுக்கறானுங்க" என்று சலித்துக்கொண்டே நாள் தவறாமல் பார்ப்பவர்கள் பலருக்கும் காரணம் இங்கே இருக்கலாம். நிகழ்ச்சியைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் இது வராது. அந்த அரை மணிக்கு முன்னும் பின்னும் என்ன வேலை செய்தார் என்று டைரியின் நான்காம் பத்தியில் பாருங்கள்.

போன் கணக்கு

டிவி மீட்டருக்குள் வராத பார்வை போனில் நடக்கிறது. சீரியலை முழுதாகப் பார்க்கிறாரா, ப்ரோமோ மட்டுமா, மறுநாள் யூடியூபில் துண்டு துண்டாகவா என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் "நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்ப்பீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு, அவர் சம்மதித்தால் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு செயலியின் நிமிடத்தையும் பார்க்கலாம். சொன்னதற்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பதியுங்கள். எதையெல்லாம் பார்த்தார் என்று காட்டும் ஹிஸ்டரி பட்டியலைத் திறக்கச் சொல்லாதீர்கள். அது அவர் அந்தரங்கம். குடும்பத்துக்கே ஒரே போன் என்றால் அந்த எண்ணை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் பேசப் பெற்றோர் அனுமதி வாங்குங்கள்.

எழுதும்போது

24 வீட்டை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். "24-இல் 15 வீட்டில்" என்றே எழுதுங்கள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு உங்கள் தெரு பதில் சொல்லாது, அதற்கு மீட்டர் இருக்கிறது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "தெருமுனை டெய்லர்" என்று எழுதினால் யாரென்று எல்லோருக்கும் தெரியும், தொழிலையும் மாற்றுங்கள். தனித்து வைத்த டைரிகள் எத்தனை, ஏன் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அறிக்கையை அச்சடித்ததும் ஒரு பிரதியைத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். "எங்க வீட்ல அப்படி இல்லியே" என்று யாராவது சொன்னால் அதையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.